பெருக்கவா, இணைக்கவா? விகிதக் கணக்குகள்: கணக்கு டீச்சர் பதில்கள்

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த முறை அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை விகிதத்தைப் பற்றித்தான். பணி ஓய்வுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அங்கேயும் அதிகம் கேட்கப்படுகிற பாடம் இதுதான். அதனால் இந்த இதழ் முழுக்க விகிதத்துக்கே.

கேள்வி: டீச்சர், பள்ளிப் படிப்பு முடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு உட்கார்ந்து படிக்கிறேன். 3:5 என்று பார்த்தாலே எதை எதோடு பெருக்குவது என்று தெரியாமல் பேனா நின்றுவிடுகிறது. எங்கிருந்து தொடங்கட்டும்?
(வாசகி, வெள்ளகோவில்)

பதில்: ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'விகிதம் மற்றும் விகிதசமம்' என்று ஒரு பாடம் இருக்கிறது அம்மா. அதிலிருந்து தொடங்குங்கள். வழிகாட்டிப் புத்தகங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டிலேயே அந்தப் புத்தகம் இருந்தாலும் இருக்கும்.

பேனா நிற்பதற்குக் காரணம், 3 என்பதையும் 5 என்பதையும் ரூபாயாகவோ ஆளாகவோ நினைத்துக்கொள்வதுதான். இரண்டும் பங்கு. ஒரு பங்கு எவ்வளவு என்று விகிதம் ஒருபோதும் சொல்லாது. அதைக் கேள்வியில் வேறொரு இடத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

ஒரே எண்ணை வைத்து மூன்று கேள்வி தருகிறேன். அக்காவும் தங்கையும் 3:5 என்ற விகிதத்தில் பணம் வைத்திருக்கிறார்கள். தங்கைக்குத்தான் அதிகம்.

மொத்தம் 4,800 ரூபாய் என்றால்? மொத்தப் பங்கு 8. ஒரு பங்கு 600. அக்காவிடம் 1,800, தங்கையிடம் 3,000.

தங்கையிடம் 4,800 ரூபாய் கூடுதலாக இருக்கிறது என்றால்? இப்போது 4,800 என்பது இடையில் உள்ள 2 பங்கு. ஒரு பங்கு 2,400. அக்காவிடம் 7,200, தங்கையிடம் 12,000.

அக்காவிடம் இருப்பது 4,800 என்றால்? 3 பங்கு 4,800. ஒரு பங்கு 1,600. தங்கையிடம் 8,000.

விகிதமும் அதேதான், எண்ணும் அதேதான். 4,800 எத்தனை பங்கு என்பது மட்டும்தான் மாறியது. கேள்வியைப் படித்ததும் "இந்த எண் எத்தனை பங்கு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு விஷயம். அலகு ஒன்றாக இருக்க வேண்டும்: 75 பைசாவுக்கும் 3 ரூபாய்க்கும் உள்ள விகிதம் 75:3 ஆகாது, 75:300, அதாவது 1:4. வரிசையும் முக்கியம்: 'பெண்களுக்கும் ஆண்களுக்கும்' என்று கேட்டால் பெண்கள்தான் முன்னால் வர வேண்டும். 3:5, 5:3 இரண்டும் விடைப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன் டீச்சர். அ:ஆ = 2:3, ஆ:இ = 4:5 என்றால் அ:ஆ:இ என்ன என்று ஒரு கணக்கு; விடை 8:12:15. அடுத்த பக்கத்திலேயே 2:3, 4:5 ஆகியவற்றின் கூட்டு விகிதம் என்ன என்று கேட்டு 8:15 என்று போட்டிருக்கிறார்கள். எண்கள் ஒன்றுதான், விடை மட்டும் ஏன் வேறு? இரண்டில் ஒன்று அச்சுப் பிழையா?
(வாசகர், தென்காசி)

பதில்: இரண்டுமே சரி தம்பி. நல்ல கேள்வி. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் விகிதப் பாடத்தில் பாதி பயம் போய்விடும்.

முதல் கணக்கில் மூன்று பேர் இருக்கிறார்கள். நடுவில் நிற்கிற 'ஆ' இரண்டு விகிதத்திலும் வருகிறார். முதல் விகிதத்தில் அவருக்கு 3 பங்கு, இரண்டாவதில் 4 பங்கு. ஒரே ஆளிடம் இருப்பது ஒரே பணம்தானே? அப்படியானால் முதல் விகிதத்தின் பங்கும் இரண்டாவதன் பங்கும் ஒரே அளவு இல்லை என்று அர்த்தம். பங்கின் அளவை ஒன்றாக்க வேண்டும். 3-க்கும் 4-க்கும் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) 12. முதல் விகிதத்தை 4 ஆல் பெருக்கினால் 8:12. இரண்டாவதை 3 ஆல் பெருக்கினால் 12:15. இப்போது 'ஆ' இரண்டிலும் 12. மூன்றையும் வரிசையாக எழுதலாம்: 8:12:15.

கூட்டு விகிதம் என்றால் முன் உறுப்புகளை ஒன்றோடொன்று பெருக்கி, பின் உறுப்புகளையும் அப்படியே பெருக்கி எழுதுவது. 2×4 : 3×5 = 8:15. பெயரில்தான் 'கூட்டு' இருக்கிறது, செய்வது பெருக்கல். 2+4 : 3+5 என்று கூட்டி 6:8 போடுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். தேர்வில் 3:4 என்று ஒரு விடையைக் கொடுத்து அவர்களுக்காகவே காத்திருப்பார்கள்.

இனி இரண்டு விடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 8:12:15-இல் முதல் ஆளையும் கடைசி ஆளையும் மட்டும் எடுத்தால் 8:15. அதுவேதான் கூட்டு விகிதம்! இது தற்செயல் இல்லை. அ/ஆ-வை ஆ/இ-யால் பெருக்கும்போது நடுவில் உள்ள ஆ அடிபட்டு அ/இ மட்டும் மிஞ்சுகிறது. அதனால் எல்லோருடைய பங்கையும் கேட்டால் இணைத்து எழுதுங்கள். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் உள்ள உறவை மட்டும் கேட்டால் பெருக்கிவிட்டுப் போய்விடலாம்.

நான்கு பேர் வந்தால் இதன் அருமை தெரியும். அ:ஆ = 1:2, ஆ:இ = 3:4, இ:ஈ = 5:6. அ:ஈ என்ன? 1×3×5 : 2×4×6 = 15:48, அதாவது 5:16. மூன்று வரியில் முடிந்தது. நான்கு பேருக்கும் வேண்டும் என்றால் 15:30:40:48 என்று முழுதாக எழுத வேண்டும்.

இசட் எழுத்து மாதிரி கோடு போட்டுப் பெருக்குகிற குறுக்குவழியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் சரியான வழிதான். ஆனால் 3:4, 8:9 என்று வந்தால் அந்த வழி 24:32:36 என்று பெரிய எண்ணைக் கொடுக்கும், மறுபடி 4 ஆல் சுருக்க வேண்டும். 4-ஐ 8 ஆக்கினால் போதும் என்று கண்ணில் பட்டுவிட்டால் நேராக 6:8:9. எனக்கு மீ.பொ.ம. வழிதான் பிடிக்கும், என்ன செய்கிறோம் என்பது அதில் தெரிகிறது.

கேள்வி: கூட்டு விகிதம் சும்மா பரீட்சைக்கு மட்டும்தானா? வாழ்க்கையில் இதற்கு எங்கே வேலை இருக்கிறது?
(கல்லூரி மாணவி, பெருந்துறை)

பதில்: இரண்டு காரணங்கள் சேர்ந்து ஒரு அளவைத் தீர்மானிக்கிற எல்லா இடத்திலும் இருக்கிறது.

முதலில் நிலத்தைப் பாருங்கள். இரண்டு மனைகள். அகலம் 20 அடிக்கு 30 அடி, அதாவது 2:3. நீளம் 40 அடிக்கு 50 அடி, 4:5. பரப்பளவு 800 சதுர அடிக்கு 1,500 சதுர அடி. சுருக்கினால் 8:15. மேலே தென்காசித் தம்பி கேட்ட அதே கூட்டு விகிதம், இப்போது மண்ணில் கிடக்கிறது. கோணங்கள் சமமாக உள்ள இரண்டு இணைகரங்களின் பரப்பளவு விகிதம், அவற்றின் பக்க விகிதங்களின் கூட்டு விகிதம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யூக்ளிட் நிறுவிக் காட்டியிருக்கிறார்.

அடுத்தது கூட்டு வியாபாரம். ஒருவர் 30,000 ரூபாயை 12 மாதம் போட்டு வைக்கிறார். இன்னொருவர் ஆறு மாதம் கழித்துச் சேர்ந்து 40,000 போடுகிறார். ஆண்டு முடிவில் லாபம் 25,000. பணத்தை மட்டும் பார்த்து 3:4 என்று பிரித்தால் முதலாமவருக்கு அநியாயம். காலத்தை மட்டும் பார்த்து 2:1 என்று பிரித்தால் இரண்டாமவருக்கு அநியாயம். இரண்டையும் பெருக்க வேண்டும்: 3×2 : 4×1 = 6:4 = 3:2. முதலாமவருக்கு 15,000, அடுத்தவருக்கு 10,000.

உண்டியல் கணக்கும் இந்த வகைதான், ஆனால் பலருக்கு அது தெரிவதில்லை. 1 ரூபாய், 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் 5:3:2 என்ற எண்ணிக்கை விகிதத்தில் இருக்கின்றன, மொத்தம் 210 ரூபாய், ஒவ்வொன்றிலும் எத்தனை? 210-ஐ 10 பங்காகப் பிரித்து 21 என்று எழுதினால் போச்சு. 5:3:2 என்பது எண்ணிக்கை, 210 என்பது மதிப்பு. மதிப்பின் விகிதம் 5×1 : 3×2 : 2×5, அதாவது 5:6:10. மொத்தம் 21 பங்கு, ஒரு பங்கு 10 ரூபாய். ஒரு ரூபாயில் 50 ரூபாய், இரண்டு ரூபாயில் 60 ரூபாய், ஐந்து ரூபாயில் 100 ரூபாய். நாணயங்கள் 50, 30, 20. திருப்பிப் பாருங்கள்: 50:30:20 என்பது 5:3:2.

வட்டத்தின் ஆரங்கள் 2:3 என்றால் பரப்பளவு 4:9 என்பதும் இதே கதைதான், ஒரு விகிதத்தை அதோடேயே பெருக்குகிறோம். கோளத்தின் கனஅளவு கேட்டால் மூன்று முறை பெருக்கி 8:27. இதற்குத் தனிச் சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: 15 ஆட்கள் நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்து 12 நாளில் 120 மீட்டர் சுவர் கட்டுகிறார்கள். 10 ஆட்கள் நாளுக்கு 9 மணி நேரம் வேலை செய்து 150 மீட்டர் கட்ட எத்தனை நாள்? மேல் அம்பு, கீழ் அம்பு என்று போட்டுப் போட்டுக் குழம்பிவிட்டேன்.
(வாசகர், அறந்தாங்கி)

பதில்: அம்புகளை விட்டுவிடுங்கள். கேட்பது நாள், கையில் இருப்பது 12. அந்த 12-ஐ வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: நாள் கூடுமா, குறையுமா?

ஆட்கள் 15 பேரிலிருந்து 10 ஆகக் குறைகிறார்கள். நாள் கூடும். கூட வேண்டுமென்றால் பெரிய எண் மேலே: 15/10. 12 என்பது 18 ஆயிற்று.

மணி நேரம் 8-இலிருந்து 9 ஆகிறது. நாள் குறையும். சின்ன எண் மேலே: 8/9. 18 என்பது 16 ஆயிற்று.

சுவர் 120-இலிருந்து 150 ஆகிறது. நாள் கூடும்: 150/120. 16 என்பது 20 ஆயிற்று.

விடை 20 நாள். ஒவ்வொரு படியிலும் மற்ற இரண்டும் மாறாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இன்னொரு வழியில் சரிபார்ப்போம். முதல் குழு செலவழித்தது 15×8×12 = 1,440 மணி நேர உழைப்பு. 120 மீட்டருக்கு 1,440 என்றால் மீட்டருக்கு 12. 150 மீட்டருக்கு 1,800. பத்து பேர் ஒன்பது மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 90. 1,800-ஐ 90 ஆல் வகுத்தால் 20.

இந்த மாதிரிக் கணக்கு நம் நாட்டில் ரொம்பப் பழசு. மூன்று எண் தெரிந்து நான்காவதைக் காண்பதைத் திரைராசிகம் என்றார்கள். 499-இல் எழுதிய ஆரியபட்டரிடமே அது இருக்கிறது. இரண்டு காரணங்கள் சேரும்போது ஐந்து எண்கள் வரும், அது பஞ்சராசிகம். 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் அதை ஏழு, ஒன்பது, பதினொன்று எண்கள் வரை கொண்டுபோய்ச் சொல்லித் தருகிறார். உங்கள் சுவர்க் கணக்கில் ஆள், மணி, சுவர் என்று மூன்று காரணம், அதனால் ஏழு எண்.

கேள்வி: 2அ = 3ஆ = 4இ என்றால் அ:ஆ:இ = 2:3:4 என்று போட்டேன். தவறு என்கிறார்கள். ஏன்?
(வாசகி, மேலூர்)

பதில்: மூன்றும் 12 என்று வைத்துப் பாருங்கள். 2அ = 12 என்றால் அ = 6. ஆ = 4. இ = 3. விகிதம் 6:4:3. பெருக்குகிற எண் பெரியதாக இருந்தால் பெருக்கப்படுகிறது சின்னதாகத்தான் இருக்க முடியும். 1/2 : 1/3 : 1/4 என்று கொடுத்தாலும் இதே 6:4:3 தான் வரும். 2,600 ரூபாயை அப்படிப் பிரித்தால் 1,200, 800, 600.

கேள்வி: இரண்டு பேரின் வருமான விகிதம் 5:4, செலவு விகிதம் 3:2, ஒவ்வொருவரும் மாதம் 6,000 சேமிக்கிறார்கள், வருமானம் என்ன? இதற்குக் கூட்டு விகிதம் போடலாமா? எக்ஸ், ஒய் எல்லாம் இல்லாமல் செய்ய வழி உண்டா?
(வாசகர், அரக்கோணம்)

பதில்: கூடாது. வருமானத்தையும் செலவையும் இங்கே பெருக்கவில்லை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறோம். பெருக்கல் நடக்கிற இடத்தில்தான் கூட்டு விகிதத்துக்கு இடம்.

எக்ஸ் இல்லாமலும் செய்யலாம். இரண்டு பேரின் சேமிப்பும் சமம். அப்படியானால் வருமானத்தில் உள்ள வித்தியாசம் முழுக்கச் செலவு வித்தியாசமாகப் போயிருக்கிறது. வருமான வித்தியாசம் 5-4 = 1 பங்கு. செலவு வித்தியாசம் 3-2 = 1 பங்கு. ஆக இரண்டு பங்கும் ஒரே அளவு. முதலாமவருக்கு 5 பங்கு வந்து 3 பங்கு போய் 2 பங்கு மிச்சம்; அதுதான் 6,000. ஒரு பங்கு 3,000. வருமானம் 15,000, 12,000.

வயதுக் கணக்கும் இப்படித்தான். இப்போது 5:7, ஆறு வருஷம் கழித்து 3:4 என்றால், வயது வித்தியாசம் என்றைக்கும் மாறாது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் வித்தியாசம் 2 பங்கு, பிறகு 1 பங்கு. 3:4-ஐ 6:8 ஆக்கினால் இரண்டிலும் 2. இப்போது 5 என்பது 6 ஆகியிருக்கிறது. அந்த ஒரு பங்குதான் 6 வருஷம். இன்றைய வயது 30, 42.

கேள்வி: நகைப் பட்டறையில் வேலை செய்கிறேன். 22 கேரட் தங்கம் 36 கிராம் இருக்கிறது. அதை 18 கேரட் ஆக்க எவ்வளவு செம்பு சேர்க்க வேண்டும் என்று ஒரு மாதிரித் தேர்வில் கேட்டார்கள். பட்டறையில் கைப்பழக்கத்தில் செய்துவிடுவேன், தாளில் வரவில்லை.
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கைக்கு வருவது தாளுக்கு வராமல் போகாது தம்பி. கேரட் என்பதே 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்கிற கணக்குதான். 22 கேரட்டில் தங்கத்துக்கும் மற்ற உலோகத்துக்கும் விகிதம் 22:2, அதாவது 11:1. நகையில் 916 என்று முத்திரை இருக்குமே, அது 22-ஐ 24 ஆல் வகுத்தால் வருகிற 0.9166 தான். 18 கேரட்டில் 18:6, அதாவது 3:1. அதன் முத்திரை 750.

36 கிராமை 12 பங்காக்கினால் ஒரு பங்கு 3 கிராம். தங்கம் 33, மற்றது 3. செம்பு சேர்க்கும்போது தங்கம் மாறுவதில்லை, 33 அப்படியே நிற்கிறது. 3:1 ஆக வேண்டுமென்றால் 33-க்கு 11. ஏற்கெனவே 3 இருக்கிறது. சேர்க்க வேண்டியது 8 கிராம். பாலும் தண்ணீரும் கலக்கிற கணக்கிலும் எது மாறாமல் நிற்கிறது என்பதை முதலில் தேடுங்கள்.

கேள்வி: மகன் குறுக்குவழி வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நேரம் போதாது, இதுதான் வழி என்கிறான். சரியா டீச்சர்?
(ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: நேரம் பற்றி அவர் சொல்வது உண்மை. 200 கேள்விக்கு மூன்று மணி நேரம். கேள்விக்கு 54 விநாடி. திறனறிவிலிருந்து 25 கேள்வி, ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண் என்றால் 37.5. அதை விட்டுவிட முடியாது. ஆனால் பொதுத் தமிழ்க் கேள்விகள் பலவற்றை அதைவிடச் சீக்கிரம் முடித்துவிடலாம். மிச்சமாகிற நேரம் கணக்குக்கு வந்து சேரும்.

குறுக்குவழி கற்றுக்கொள்ளட்டும். ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது நீளமாகச் செய்து, ஏன் அப்படி வருகிறது என்று உங்களிடம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர் திணறுகிற இடம் உங்களுக்குக் கேட்டுவிடும். எண்ணை மாற்றி, வரிசையை மாற்றிக் கேட்டால் மனப்பாடம் செய்த வழி உதவாது. நூலகத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

விடைகளைப் பார்த்தே கழிக்கிற வழியையும் பழகட்டும். ஒரு வகுப்பில் மாணவர்களும் மாணவிகளும் 4:3 என்ற விகிதத்தில் இருக்கிறார்கள், மொத்த எண்ணிக்கை எதுவாக இருக்க முடியாது, 42, 49, 54, 56 என்று கேட்டால் எதையும் பிரிக்க வேண்டாம். 4+3 = 7. ஏழின் மடங்கில் வராதது 54. அதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.